எந்தக் களவுக்குக் காப்புறுதி உண்டு?

எமது ஊரில் புடவைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் கையில் ஒரு கோவையோடு என்னைத் தேடி வந்தார். மகளின் கலியாணத்தன்று வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில், படுக்கையறை அலுமாரியில் வைத்திருந்த பன்னிரண்டு பவுன் நகை காணாமல் போயிருக்கிறது. அலுமாரியின் திறப்பு அதன் துவாரத்திலேயே தொங்கிக் கொண்டிருந்தது. வீட்டுப் பொருட்களுக்காக ஆறு வருடங்களாகத் தவறாமல் காப்புறுதிக் கட்டணம் செலுத்தி வந்தவர் அவர். பொலிஸில் முறைப்பாடு செய்தார், படிவம் நிரப்பினார், இரண்டு மாதம் காத்திருந்தார். கடைசியில் அரைப் பக்கக் கடிதம் ஒன்று வந்தது. பலவந்தமாக உட்புகுந்தமைக்கான தடயம் எதுவும் இல்லாதபடியால் கோரிக்கையை ஏற்க இயலாது என்பதே அதன் சாரம்.

"களவு போனா களவு போனதுதானே நானா? கதவ ஒடச்சி எடுத்தா என்ன, ஒடைக்காம எடுத்தா என்ன? போன சாமான் போனதுதானே!" என்று கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் அவருடைய கோவையில் இருந்த பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தபோது, காப்புறுதி நிறுவனம் எழுதியதும் பிழையில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பத்திரத்தில் 'களவு' என்ற சொல் தனியாக எங்குமே இல்லை. "கட்டடத்தினுள் பலவந்தமாகவும் வன்முறையாகவும் உட்புகுந்து அல்லது வெளியேறிச் செய்யப்படும் களவு" என்றே இருந்தது. ஆறு வருடமாக அவர் பணம் கட்டியது அந்த ஒரு வகைக் களவுக்கு மாத்திரமே. முகவர் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவரும் வாசிக்கவில்லை. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் பதினான்கு பக்கம். நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்?

வீட்டுப் பொருள் காப்புறுதி வைத்திருப்போர், அல்லது எடுக்க எண்ணியிருப்போர், இந்த விடயத்தைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தகாபுல் முறையில் பங்குபற்றுவோருக்கும் இது பொருந்தும். நிதி திரட்டும் முறை வேறாக இருந்தாலும், எந்த இழப்புக்கு ஈடு, எதற்கு இல்லை என்பதை அங்கும் பத்திரத்தின் வாசகமே தீர்மானிக்கிறது.

பூட்டாத கதவும் திருடிய திறப்பும்

'பலவந்தமாகவும் வன்முறையாகவும்' என்ற வாசகம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதற்கு அங்குள்ள நீதிமன்றங்கள் கொடுத்த பொருளைத்தான் எமது நாட்டிலும் இந்தியாவிலும் சட்டத்தரணிகள் இன்றும் எடுத்துக் காட்டுகின்றனர். இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டுமே வியாபாரிகள் சம்பந்தப்பட்டவை.

முதலாவது 1899ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு கடையின் முன்கதவு சாத்தப்பட்டிருந்தது, ஆனால் பூட்டப்படவில்லை. கடையில் ஆள் இல்லாத சமயம் பார்த்து வந்த திருடன் கைப்பிடியைத் திருப்பி உள்ளே போய், பூட்டியிருந்த கண்ணாடிக் காட்சிப் பெட்டியை உடைத்துப் பொருட்களை எடுத்துச் சென்றான். பெட்டியை உடைத்ததில் பலவந்தம் இருக்கிறதே என்று கடைக்காரர் வாதாடினார். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திரம் கேட்பது கட்டடத்துக்குள் பலவந்தமாகப் புகுவதை. கைப்பிடியைத் திருப்பி வந்தவன் வாடிக்கையாளன் வருகிற மாதிரியே வந்திருக்கிறான். உள்ளே வந்த பிறகு அவன் எதை உடைத்தாலும் அது உட்புகுதல் ஆகாது என்று தீர்ப்பாயிற்று.

மற்றது 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கார் திருத்தும் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் தனது வாகனத்தை வெளியே நிறுத்தியிருந்த வேளையில், அதற்குள் இருந்த திறப்புக் கோர்வை திருடப்பட்டது. அந்தத் திறப்புகளைக் கொண்டே வேலைத்தளத்தைத் திறந்து வாகனங்களைக் கொண்டு போய்விட்டார்கள். திறப்பால் பூட்டைத் திறப்பதற்கும் கொஞ்சம் பலம் தேவைதானே, ஆகவே 'பலவந்தம்' என்று சொல்லலாம் என வாதிக்கப்பட்டது. இருக்கலாம், ஆனால் அதில் 'வன்முறை' எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. ஈடு கிடைக்கவில்லை. வீட்டுத் திறப்பைப் பூச்சாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறவர்களும், கடைத் திறப்பையும் வீட்டுத் திறப்பையும் ஒரே வளையத்தில் கோர்த்து மோட்டார் சைக்கிளில் தொங்கவிடுகிறவர்களும் இந்த வழக்கை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவின் உயர் நீதிமன்றமும் 2004ஆம் ஆண்டு ஒரு வியாபார நிறுவனத்தின் வழக்கில் இதே முடிவுக்குத்தான் வந்தது. பத்திரத்தில் பலவந்தம் என்று எழுதியிருந்தால் பலவந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று கூறி, கோரிக்கையை நிராகரித்தது சரியென்றது. ஆனால் அதோடு நிற்காமல், இவ்வளவு இறுக்கமான வரைவிலக்கணம் சாதாரண மனிதனுக்கு விளங்காது, நிறுவனங்கள் வாசகத்தைத் திருத்திக் கொள்ள வேண்டும் என்றும் நீதியரசர்கள் எழுதினார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பழைய வாசகத்தோடு எத்தனையோ பத்திரங்கள் இன்றும் விற்பனையாகின்றன.

அப்படியானால் பூட்டு உடைபடாத களவுக்கு ஈடே கிடையாதா? உண்டு. சில நிறுவனங்கள் 'களவு' என்பதைப் பலவந்த நிபந்தனை இன்றி முழுமையாக ஏற்கும் பத்திரங்களையும் வைத்திருக்கின்றன. 'சகல ஆபத்துக்கள்' என்ற வகையில் நகை, கைக்கடிகாரம், கெமரா, மடிக்கணினி போன்றவற்றைத் தனித்தனியே பெயர் குறித்துச் சேர்த்தால், வீட்டுக்கு வெளியே நடக்கும் பறிப்பும் அடங்கலாம். பஸ்ஸில் கழுத்துச் சங்கிலி அறுபடுவது சாதாரண வீட்டுப் பொருள் பத்திரத்தில் வராது. கட்டணம் கூடும் என்பது உண்மை. எவ்வளவு கூடும் என்று கேட்டாவது பார்க்கலாமே.

சட்டத்தில் களவுக்குப் பல பெயர்

எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் நாம் பொதுவாகக் 'களவு' என்று சொல்லும் செயல்கள் பல பிரிவுகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒருவருடைய உடைமையில் உள்ள அசையும் பொருளை அவருடைய சம்மதம் இல்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு அப்புறப்படுத்துவது களவு (பிரிவு 366). அதையே அடித்து அல்லது உடனே அடிப்பதாகப் பயமுறுத்திச் செய்தால் கொள்ளை (379). நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடினால் நம்பிக்கை மோசடி (388). ஏமாற்றி நம் கையாலேயே கொடுக்க வைத்தால் வஞ்சித்தல் (398). பொருளை இழந்தவருக்கு நான்கும் ஒன்றுதான். காப்புறுதி நிறுவனத்தின் மேசையில் நான்கும் நான்கு கோவை.

இதில் எமது வர்த்தகர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது கடைசி இரண்டிலும்தான். பேருவளையிலும் இரத்தினபுரியிலும் மாணிக்கக் கல்லைத் தரகரிடம் வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்து அனுப்புவது பரம்பரைப் பழக்கம். கல்லும் தரகரும் திரும்பி வராவிட்டால், அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். சட்டத்தில் 388இன் கீழ் வரக்கூடிய குற்றம். வீட்டுப் பொருள் காப்புறுதியிலோ கடையுடைப்புக் காப்புறுதியிலோ அதற்கு இடமில்லை. கல்லை யாரும் திருடவில்லை, நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்பார்கள்.

ஏமாற்றுக்கு ஒரு சுவையான வழக்கு இருக்கிறது. 1989இல் இங்கிலாந்தில் முடிவானது. ஒருவர் தனது ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தையும் வைர மோதிரத்தையும் விற்க விளம்பரம் செய்தார். வாங்க வந்தவன் 5,950 பவுணுக்கு ஒரு காசோலையைக் கொடுத்துப் பொருட்களை வாங்கிப் போனான். பிறகு பார்த்தால் காசோலை திருடப்பட்டது. இவரிடம் வீட்டுக் காப்புறுதி இருந்தது, அதில் பலவந்தம் எதுவும் கேட்காமல் வெறுமனே 'களவு' என்றே எழுதியிருந்தது. இது களவல்ல, ஏமாற்று என்று நிறுவனம் மறுத்தது. நீதிமன்றமோ இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுக் களவுச் சட்டத்தின்படி இதுவும் களவே என்று கூறி, ஈடு கொடுக்க உத்தரவிட்டது.

இதைப் படித்துவிட்டு இங்கே உள்ள சகோதரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். எமது 366ஆம் பிரிவு 'சம்மதம் இல்லாமல்' என்று தெளிவாகச் சொல்கிறது. விலை பேசி, காசோலையை வாங்கிக்கொண்டு, பொருளை நீங்களே பொதி செய்து கொடுத்தால், விடயம் பெரும்பாலும் வஞ்சித்தல் என்ற பக்கமே போகும். இணையத்தில் விளம்பரம் போட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தொலைபேசியும் மடிக்கணினியும் விற்கும் இந்தக் காலத்தில் இது எந்த வீட்டிலும் நடக்கலாம். பணம் வங்கிக் கணக்கில் உண்மையாகவே விழுந்ததைப் பார்க்காமல், கைத்தொலைபேசித் திரையில் காட்டும் பணமாற்றுச் சீட்டின் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் இருப்பவர்

வீட்டில் வேலை செய்பவர், வாடகைக்கு இருப்பவர், தங்கியிருக்கும் உறவினர், அழைத்து வந்த தச்சர், பெயின்ட் அடிக்க வந்தவர் ஆகியோர் சட்டப்படி அனுமதியோடு வீட்டுக்குள் இருப்பவர்கள். இவர்கள் எடுத்தால் அநேக பத்திரங்கள் ஈடு தருவதில்லை. சிலவற்றில் குடும்ப அங்கத்தவரும் வேலையாட்களும் சம்பந்தப்பட்ட களவு வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கும். மின்சார மீற்றர் பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே வந்து எடுத்துச் செல்பவர்களைப் பற்றி ஒவ்வொரு பத்திரமும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. புடவைக் கடைச் சகோதரரின் வீட்டில் அன்று இருந்தவர்கள் அனைவரும் அழைக்கப்பட்ட விருந்தினர். அதனால் பலவந்த நிபந்தனை இல்லாதிருந்தாலும் அவருக்குச் சிக்கல் வந்திருக்கும்.

கடையில் வேலை செய்பவர் கையாடுவது இன்னொரு சங்கதி. அதற்கு ஊழியர் நம்பிக்கைக் காப்புறுதி என்று தனியாக உண்டு. பெரிய நிறுவனங்கள் எடுக்கின்றன. சின்னக் கடைக்காரர்கள் "எல்லாம் நம்ம பொடியன்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் வைத்த கடைச் சாமான்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கடையில் இடம் போதாமல் வீட்டு முன்னறையில் புடவைப் பொதிகளை அடுக்கி வைத்திருக்கும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பெருநாள் நெருங்கினால் கட்டிலுக்குக் கீழேயும் சரக்கு இருக்கும். மாணிக்க வியாபாரிகள் கல்லை வீட்டு அலுமாரியில்தான் வைக்கிறார்கள். அன்றைய விற்பனைப் பணமும் இரவில் வீட்டுக்கே வருகிறது. கதவை உடைத்து, கிறிலை அறுத்து, முறையாகக் களவு போனாலும், வீட்டுப் பொருள் காப்புறுதி இவற்றுக்குப் பொதுவாக ஒரு சதமும் தராது. வியாபாரச் சரக்கு வீட்டுப் பொருள் ஆகாது. பணத்துக்குச் சில பத்திரங்களில் மிகச் சிறிய உச்சவரம்பு இருக்கும், பலவற்றில் அதுவும் இல்லை.

இதற்கு வழி, வீட்டு முகவரியையும் சரக்கு வைக்கும் இடமாகக் குறிப்பிட்டு வியாபாரக் காப்புறுதியில் சேர்ப்பதுதான். பணத்துக்கென்று தனிக் காப்புறுதி இருக்கிறது. அதில் வங்கிக்குக் கொண்டு போகும் வழியும், இரும்புப் பெட்டியில் இரவில் வைப்பதும் தனித்தனியாகக் குறிக்கப்படும். வீட்டில் சரக்கு இருப்பதை மறைத்து வீட்டுக் காப்புறுதி எடுத்தால், சரக்குக்கு மட்டுமன்றி முழுப் பத்திரத்துக்குமே ஆபத்து வரலாம். முக்கியமான விடயத்தை ஒளித்ததாக நிறுவனம் வாதாடினால் பதில் சொல்வது கஷ்டம்.

வீட்டைப் பூட்டிவிட்டு உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமோ போகிறவர்கள், வீடு ஆளில்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் இருக்கலாம் என்று பத்திரத்தில் பாருங்கள். அந்த எண்ணிக்கை தாண்டினால் களவுக்கான காப்பு நின்றுவிடும். போகுமுன் எழுத்தில் அறிவித்து அனுமதி பெற்றால் போதும்.

கலவரத்தில் போன பொருள்

2014 ஜூனில் அளுத்கமை, பேருவளைப் பகுதியிலும், 2018 மார்ச்சில் திகனையைச் சூழவும், 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் எமது வீடுகளும் கடைகளும் எரிந்ததோடு சூறையாடலும் நடந்தது. காப்புறுதி இருந்தும் கைவிரிக்கப்பட்டவர்கள் உண்டு. சாதாரண தீக் காப்புறுதியிலும் வீட்டுப் பொருள் காப்புறுதியிலும் கலவரம் தானாக அடங்குவதில்லை. வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் என்ற மேலதிகக் காப்பைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அதற்கான கட்டணத்தை நிறுவனங்கள் அறவிட்டு, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கலவர நிதிக்கு அனுப்புகின்றன. காப்பின் பெறுமதியோடு பார்த்தால் கட்டணம் சிறியது.

இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. எரிந்த பொருள் வேறு, தூக்கிக்கொண்டு போன பொருள் வேறு. தீ நடக்கும்போதும் அதன் பின்னரும் நடக்கும் களவை விலக்கி வைப்பது தீக் காப்புறுதியின் பழைய வழக்கம். கலவரக் காப்பிலும் சில வாசகங்கள் சூறையாடலை வெளியே தள்ளுகின்றன. ஆகவே "கலவரத்தின்போது எரிக்கப்படாமல் சூறையாடப்பட்ட பொருட்களுக்கும் ஈடு உண்டா?" என்று ஒரே வரியில் கடிதம் எழுதிக் கேளுங்கள். முகவர் தொலைபேசியில் சொல்லும் "ஓம், எல்லாம் இருக்கு" என்பதை எந்த மேசையிலும் வைக்க முடியாது.

தொகையும் பொலிஸ் முறைப்பாடும்

ஈடு உண்டு என்று முடிவான பிறகும் தொகையில் சண்டை வரும். வீட்டில் உள்ள பொருட்களின் மொத்தப் பெறுமதி 60 இலட்சம் என்று வைப்போம். கட்டணத்தை மிச்சம் பிடிக்க 30 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருக்கிறீர்கள். 10 இலட்சத்துக்குக் களவு போகிறது. உங்களுக்குப் பத்து வராது, ஐந்துதான் வரும். பாதிக்குத்தானே காப்புறுதி செய்தீர்கள், மற்றப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்ற கணக்கு. இதைச் 'சராசரி' நிபந்தனை என்பார்கள். அதிலிருந்தும் பத்திரத்தில் குறித்த முதல் தொகையைக் கழித்துவிட்டே தருவார்கள். நகைக்குத் தனி உச்சவரம்பு வேறு. 2022 நெருக்கடியில் ரூபா விழுந்த பிறகு தங்கம் எங்கே ஏறியது என்பது கலியாண வீட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் எழுதிய தொகையையே இன்னும் புதுப்பித்துக் கொண்டிருந்தால் உங்கள் பத்திரம் இன்றைய பெறுமதியில் ஒரு பகுதியைத்தான் காக்கிறது. நகையைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு வேறொரு வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

களவு நடந்தால் எதையும் தொடாமல் உடனே பொலிஸுக்குப் போங்கள். அன்றே நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். முறைப்பாட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது மிக முக்கியம். "வீட்டில் இருந்த நகை களவு போயுள்ளது" என்று மட்டும் எழுதினால், பின்கதவுப் பூட்டு நெம்பப்பட்டிருந்தது என்பதை மூன்று மாதம் கழித்து மதிப்பீட்டாளரிடம் சொல்லி நம்ப வைப்பது பெரும்பாடு. தமிழில் பதியக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் தமிழ் எழுதும் உத்தியோகத்தர் இல்லாத நிலையங்கள் பல. சிங்களத்தில் எழுதினால், நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்து வையுங்கள். உடைந்த பூட்டையும் அறுந்த கிறிலையும் படம் எடுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை உடைந்த பூட்டை எறிந்துவிட வேண்டாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உடைபடாத பூட்டை நிறுவனத்துக்குக் காட்டுவதற்காகப் பிறகு உடைத்து வைக்கும்படி யோசனை சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அது பொய், பொய்க் கோரிக்கை என்று தெரிந்தால் உண்மையாகப் போன பொருளுக்கும் ஈடு இல்லாமல் போகும், வழக்கும் வரலாம்.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்தால், எந்த நிபந்தனையின் கீழ் என்று இலக்கத்தோடு எழுதித் தரும்படி கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு அனுப்பலாம்.

புடவைக் கடைச் சகோதரர் மேன்முறையீடு செய்தார். பத்திரத்தை விற்றபோது முகவர் தந்த விளம்பரத் தாளில் 'களவு' என்று மட்டுமே அச்சிட்டிருந்ததையும் இணைத்தார். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் புதுப்பிக்கும் தவணை வந்தது. இம்முறை மூன்று நிறுவனங்களிடம் பலவந்த நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு விலை கேட்டு எழுதினார். கூடவே முன்னறையில் இருக்கும் புடவைப் பொதிகளின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார். பட்டியல் எழுதும்போதுதான் அங்கே எவ்வளவு சரக்கு கிடக்கிறது என்பது அவருக்கே தெரிந்ததாம்.